மறு: ‘அமெரிக்கானா’ பாதியில் நிற்கிறது
வணக்கம். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘அமெரிக்கானா’ நாவல் (2013) முடி பின்னும் கடையைவிட்டு நகரவே மாட்டேன் என்கிறது, அடையாளம் பற்றிய கட்டுரைக்கு எதைப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடையையே பிடியுங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அப்படியொரு கடை இல்லாமல்தான் நாயகி இஃபெமெலு ரயிலேறி பக்கத்து ஊரான ட்ரென்டன் போகிறாள். பின்னிவிடுகிறவர்கள் மாலி, செனகல் பெண்கள். தெருவில் எல்லாருமே ‘கறுப்பர்’. கடைக்குள்ளோ இவளுக்கு நைஜீரியக்காரி, படித்தவள் என்ற மிடுக்கு. அந்த எரிச்சல்தான் நாவலின் உயிர் என்பேன்.

அவள் காதலன் ஒபின்ஸேயின் லண்டன் பகுதியையும் தவறவிடாதீர்கள். இன்னொருவன் பெயரில் வேலை பார்த்து, சம்பளத்தில் ஒரு பங்கை அவனுக்கே அழுகிறான். காதல் கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கட்டுரையில் அதை விட்டாலும் குறையில்லை. ஆனால் இஃபெமெலு நைஜீரியாவின் லாகோஸ் திரும்பிய பின் வரும் அத்தியாயங்களைப் படிக்காமல் எழுதாதீர்கள். அங்கே தோழியே அவளை ‘அமெரிக்கானா’ (அமெரிக்கா போய் மாறி வந்தவள்) என்று கிண்டல் செய்கிறாள்.