அம்மாவின் கால் வீக்கமும் ரொறன்ரோ பயணமும்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம் இருக்கிறது, காலையும் பின்னேரமும் இன்சுலின் போடுகிறார். கதிர்காமம் போய் வந்தாலே இரண்டு பாதமும் வீங்கிவிடும். அடுத்த மாதம் டுபாய் வழியாக ரொறன்ரோவிலுள்ள அக்காவிடம் தனியாகப் போகிறார். ஏற முன் ஒரு டிஸ்பிரினும், ஏறிய பின் நித்திரைக் குளிசையும் கொடுக்கும்படி தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? - வெள்ளவத்தை வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். டிஸ்பிரின் என்பது அஸ்பிரின்தான். இதயத்துக்காக டொக்டர் சொல்லி ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவரென்றால் அப்படியே தொடரட்டும். பயணத்துக்கென்று புதிதாகப் போட்டால் கால் நாளத்தில் இரத்தம் உறைவது நிற்கும் என்று நம்ப இடமில்லை. வயிறுதான் புண்ணாகும். நித்திரைக் குளிசை அதைவிட மோசம். போட்டவர் கால் மடங்கியபடி மணிக்கணக்காக அசையாமல் கிடப்பார், எழும்பும்போது தடுமாறுவார்.

இரத்தம் உறைவதற்கு முக்கிய காரணமே அந்த அசையாமைதான். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் காலிலுள்ள இரத்தம் மேலே ஏறும். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் சொன்னது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் டுபாயிலிருந்து ரொறன்ரோ வரையான சுமார் 14 மணி நேரத்துக்குத் திட்டம் வேண்டும்.

என் அனுபவத்தில் நம் அம்மாமார் கட்டுநாயக்காவிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பிளேன் டொய்லெட் பயம். அதோடு பக்கத்துச் சீட்காரரை எழுப்பக் கூச்சம். அதனால் மருந்தைவிட முதலில் பார்க்க வேண்டியது சீட்டைத்தான். நடைபாதைப் பக்கச் சீட்டாக, டொய்லெட்டுக்குக் கிட்டவாக எடுங்கள். கூடுதல் காசு கேட்டாலும் கொடுங்கள், ஜன்னலால் பார்க்க இரவில் ஒன்றுமில்லை. பிறகு மணிக்கொரு தடவை அரைக் கோப்பை தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். உள்ளே காற்று வறட்சிதான், ஆனால் மூக்கும் தொண்டையும் கண்ணும் காய்வதே அதிகம். லீற்றர் கணக்கில் குடிக்கத் தேவையில்லை.

சேலையென்றால் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட விடாதீர்கள், தளர்வான சல்வார் நல்லது. சீட்டுக்குக் கீழே பையை வைத்தால் கால் நீட்ட இடமிருக்காது, மேலே வைக்கட்டும். உட்கார்ந்தபடியே குதியை ஊன்றி விரல்களை உயர்த்தி, பிறகு விரல்களை ஊன்றிக் குதியை உயர்த்தச் சொல்லுங்கள். சாப்பாட்டுத் தட்டு எடுத்தவுடன் ஒரு நடை. டுபாயில் வீல் செயார் கட்டாயம் கேளுங்கள், தூரம் அதிகம். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் எழும்பி நடக்கட்டும். அப்புறம் அந்த முறுக்குப் பொதி: உப்பு வீக்கத்தைக் கூட்டும், அதை அக்கா வீட்டில் பிரிக்கலாம்.

அழுத்தக் காலுறை, அதாவது கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருப்பது, உதவும். ஆனால் நீரிழிவால் காலில் இரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்தவருக்கு அது புண்ணாக்கிவிடும். முதலில் டொக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். அளவை வீக்கமில்லாத காலை நேரத்தில் எடுக்க வேண்டும்.

இன்சுலின்தான் கவனம் தேவைப்படும் விஷயம். மேற்கே போகும்போது பகல் நீளும். கோடை காலத்தில் ரொறன்ரோ நம்மைவிட 9½ மணி நேரம் பிந்தியது. இடையில் எத்தனை ஊசி, எவ்வளவு என்பதை டிக்கெட்டைக் காட்டி கிளினிக்கில் இப்போதே எழுதி வாங்குங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியென்றால் தட்டு முன்னால் வந்த பிறகே போட வேண்டும், வரப்போகிறது என்ற அறிவிப்பை நம்பக் கூடாது. ஊசியும் கிளினிக் கொப்பியும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கறையில் இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். கூடவே நாலைந்து குளுக்கோஸ் குளிசை.

இறங்கியபின் இரண்டு பாதமும் சமமாக வீங்கினால் காலை உயர்த்தி வைக்க ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தாலோ சூடாக இருந்தாலோ அன்றே டொக்டரிடம் போக வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். இரத்த உறைவு சில வாரம் கழித்தும் வரலாம், ஆகவே அக்காவிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.