பையன் கையில் என்ன இருக்கிறது?

கேள்வி: பில் கேட்ஸ் கல்லூரியைப் பாதியில் விட்டவர். ஜக்கர்பெர்க்கும் அப்படியே. இவர்களிடம் எத்தனையோ பட்டதாரிகள் கைகட்டி வேலை பார்க்கிறார்கள். அப்படியானால் பட்டம் அறிவுக்கு அடையாளமா? வாழ்க்கையில் முன்னுக்கு வர அது கட்டாயம் வேண்டுமா? இரண்டாம் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் என் மகனுக்கு நான் என்ன சொல்லட்டும்?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை

பதில்: ஐயா, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் பீடிகை. மூன்றாவதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. இருந்தாலும் பீடிகைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பையன் அதைத்தானே உங்களிடம் வாதமாக வைக்கிறான்!

பட்டம் அறிவுக்கு அடையாளமா? இல்லை. எங்கள் அலுவலகத்தில் நடந்ததையே சொல்கிறேன். மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. பழைய இதழிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, அங்கங்கே பிழைகளை விதைத்து, வந்தவர்களிடம் கொடுத்தோம். முதுகலைத் தமிழ் முடித்த ஒருவர் ஓர் ஒற்றுப் பிழையைக்கூட விடவில்லை. பக்கமே சிவந்துவிட்டது. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஒரு பெண், நான்கைந்து ஒற்றுகளைக் கோட்டைவிட்டார். ஆனால் ஓர் இடத்தில் பென்சிலால் சின்னதாக வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: '1921இல் பிறந்தவர், 1987இல் இறந்தார் என்கிறீர்கள். அப்புறம் எப்படி 71 வயது?'

அந்தப் பிழை நாங்கள் விதைத்தது இல்லை. எழுதியவர், திருத்தியவர், கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நான் என்று மூன்று பேர் கண்ணுக்கும் தப்பி, ஏற்கெனவே அச்சாகி வாசகர் கைக்கும் போய்விட்ட வரி அது. மூன்று பேரும் பட்டதாரிகள்.

முதுகலைக்காரர் மண்டு, அந்தப் பெண் மேதை என்று சொல்ல வரவில்லை. ஒற்று இலக்கணத்தைப் படித்துக்கொள்ளலாம், அவர் படித்திருந்தார். அச்சில் வந்ததைச் சந்தேகப்படும் புத்தி வேறு. அதற்கு எந்தக் கல்லூரியிலும் தாள் வைத்ததாகத் தெரியவில்லை. (இருவரையும் எடுத்துக்கொண்டோம்.)

சரி, பட்டம் எதைத்தான் காட்டுகிறது? குறித்த நாளில் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தார், பிடிக்காத பாடத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார், மூன்று நான்கு வருடம் எடுத்த வேலையைப் பாதியில் போடவில்லை. இதெல்லாம் சாதாரணம் இல்லை. வேலை கொடுப்பவர் பட்டத்தைக் கேட்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். படிப்பு ஆளின் திறமையைக் கூட்டாவிட்டாலும்கூட, திறமையுள்ளவருக்கு அதை முடிப்பது சுலபம், இல்லாதவருக்குச் சிரமம் என்றிருந்தால் போதும். ஆளைத் தெரியாத முதலாளிக்கு அது ஒரு சமிக்ஞை ஆகிவிடும் என்றார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

'ஆளைத் தெரியாத' என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. என்னைத் தெரிந்தவருக்கு என் பட்டம் எதற்கு? அவர் என் வேலையைப் பார்த்திருக்கிறார். தெரியாதவரிடம் போகும்போதுதான் காகிதம் தேவைப்படுகிறது. எங்கள் மெய்ப்புப் பெண்ணுக்கே அது நடந்தது. ஆறு வருடம் எங்களிடம் இருந்த பிறகு, இன்னும் நல்ல சம்பளத்தில் வேறு ஓர் இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். எல்லாம் இணையத்தில்தான். பெயர், வயது, அனுபவம் எல்லாம் நிரப்பியாயிற்று. 'பட்டம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் இளங்கலை, முதுகலை, முனைவர் என்று ஒரு பட்டியல் விரிந்தது. 'இல்லை' என்று ஒரு வரி அதில் இல்லை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்கவும் இல்லை. என் மேசைக்கு வந்து அலைபேசியை நீட்டினார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பொய் சொன்னால் கதவு திறக்கும், உண்மை சொன்னால் திறக்காது. அவர் அலைபேசியை மூடிவிட்டுப் போய்விட்டார். அவரை வேண்டாம் என்று சொன்னது ஒரு மனிதர்கூட இல்லை.

இது நியாயமா என்று கேட்காதீர்கள், இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1971இல் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வழக்கில் குட்டு வைத்தது. ஒரு மின் நிறுவனம், நல்ல பிரிவுகளுக்கு மாற வேண்டுமென்றால் பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வைத்திருந்தது. அந்த விதி வரும் முன்பே சேர்ந்த, சான்றிதழ் இல்லாத ஊழியர்கள் அதே பிரிவுகளில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதியால் தடுக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் கறுப்பினத்தவர். வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதியைக் காட்டி இப்படி ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. கட்டம் இன்னும் இருக்கிறது.

மருத்துவம், சட்டம் போன்றவற்றைப் பற்றி நான் பேசவே இல்லை. அங்கே பட்டம் இல்லாமல் தொழில் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

பட்டம் இல்லாமல் ஜெயித்தவர்களுக்கு வருவோம். பையன் சொல்லும் பட்டியல் உண்மைதான். நான் இன்னும் பெரிய பெயர்களைக்கூடச் சேர்ப்பேன். ஆனால் அந்தப் பட்டியலை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைக்கேல் ஃபாரடே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய பையன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டில் 1812இல் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்தார், வீட்டுக்கு வந்து விரித்து எழுதினார், படம் வரைந்தார், தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். ஏறத்தாழ 300 பக்கம். அடுத்த ஆண்டு டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. 'எனக்கு அறிவியலில் ரொம்ப ஆர்வம் ஐயா' என்று ஒரு கடுதாசி மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ராமானுஜன் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் கல்லூரிப் படிப்பைக் கோட்டைவிட்டவர். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர் என்பதையும் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதற்கு முன் கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு கணித மேதைகளை அணுகியும் பயனில்லை. ஹார்டிக்கும் முதலில் சந்தேகம்தான். அன்று இரவு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டை உட்கார வைத்துக்கொண்டு தாளைத் தாளாகப் பார்த்த பிறகுதான் எழுதியவர் யார் என்று புரிந்தது. பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி தேவைப்பட்டார். ஹார்டி கிடைக்காத ராமானுஜன்கள் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. இதையும் பையன் கவனிக்க வேண்டும்.

இன்னொருவர் ஜேன் குடால். 1960இல் சிம்பன்சிகளை ஆராய ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டுக்குப் போனபோது கையில் எந்தப் பட்டமும் இல்லை. அனுப்பியவர் லூயி லீக்கி என்ற மானிடவியல் அறிஞர். பாடப்புத்தகக் கொள்கைகள் ஏறாத மனம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலேயே சிம்பன்சி ஒன்று கரையான் புற்றுக்குள் புல்தண்டைவிட்டுக் கரையான் பிடித்துத் தின்பதைக் குடால் பார்த்துவிட்டார். மனிதன்தான் கருவி செய்யும் பிராணி என்று அதுவரை பேசிய பேச்செல்லாம் ஆட்டம் கண்டது. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருவது. அதே லீக்கி, இனி நீ ஒரு முனைவர் பட்டம் வாங்கியாக வேண்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். இளங்கலை இல்லாமலே நேராக முனைவர் படிப்பு. பட்டம் வந்ததால் குடாலின் கண் கூர்மையாகிவிடவில்லை. அவரைத் தெரியாத விஞ்ஞானிகள் காதுகொடுத்துக் கேட்க அது வேண்டியிருந்தது. குடாலை நம்பிய ஆள்தான் பட்டத்தின் தேவையையும் அறிந்திருந்தார்.

கடைசியாக உங்கள் பில் கேட்ஸ். 1968இல், 13 வயதில், பள்ளியின் தாய்மார் சங்கம் பழைய சாமான் விற்ற காசில் வந்த கணினி முனையத்தில் உட்கார்ந்தவர். ஹார்வர்டை விடும்போது ஏழு வருட நிரல் எழுதிய அனுபவம் இருந்தது. 1975இல் ஆல்டேர் என்ற கணினிக்காக நண்பர் பால் ஆலனோடு சேர்ந்து, பேசிக் என்ற நிரல் மொழிக்கு எழுதிய மென்பொருள் அந்தக் கணினியில் ஓடியும் காட்டிவிட்டது. கையில் சரக்கு, வாங்க ஆள், இரண்டும் தயார். அப்போதும் முதலில் விடுப்புத்தான் எடுத்தார்; அப்பா வழக்கறிஞர், திரும்பிப் போகக் கதவும் திறந்தே இருந்தது. தவிர, ஹார்வர்டில் இடம் கிடைத்ததே பாதிப் பட்டம். 'ஹார்வர்டை விட்டவர்' என்று சொல்லும்போது காதில் விழுவது ஹார்வர்டுதான்.

ஆக, ஐயா, இவர்களில் யாரும் வெறுங்கையோடு போகவில்லை. ஒருவர் 300 பக்கம், ஒருவர் தேற்றங்கள், ஒருவர் ஓடுகிற நிரல். குடாலுக்குத் தன்னை நம்பி அனுப்ப ஓர் ஆள். பையனைத் திட்டாதீர்கள், பில் கேட்ஸோடு ஒப்பிட்டுக் கிண்டலும் செய்யாதீர்கள். எதிரில் உட்கார வைத்து, 'நிறுத்திவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம், திங்கட்கிழமை காலை எழுந்ததும் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். செய்துகொண்டிருக்கும் எதையாவது காட்டினான் என்றால், அது கோணல்மாணலாக இருந்தாலும் சரி, கூட உட்கார்ந்து பாருங்கள். கல்லூரியில் ஒரு வருடம் இடைவெளி விட்டுத் திரும்பிச் சேர வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பதிலுக்கு அவன் கல்லூரியை மட்டும் குறைசொல்லிக்கொண்டே போனால், அவனுக்கு அங்கே வேறு ஏதோ கஷ்டம். பாடம் புரியாமல் இருக்கலாம், விடுதியில் யாரோ படுத்தலாம், நீங்கள் சேர்த்துவிட்ட பிரிவே பிடிக்காமல் இருக்கலாம். அதற்குப் பில் கேட்ஸ் என்ன செய்வார், பாவம்.

அந்த மெய்ப்புப் பெண் இப்போது தபால்வழியில் இளங்கலை படிக்கிறார். அடுத்த மாதம் தேர்வு, நான்கு நாள் லீவு வேண்டும் என்று நேற்று கடிதம் கொடுத்தார். பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒற்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தேதிக்கணக்கை நான் சரிபார்க்கவில்லை. அவர் போட்டால் சரியாகத்தான் இருக்கும்.