அவரையும் கடைக்கு அழைத்து வாருங்கள்

சைக்கிள் வாங்குவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தன் அப்பாவின் சைக்கிள் கடையை 27 ஆண்டுகளாக நடத்திவரும் கடைக்காரம்மா.

கேள்வி: என் மனைவிக்கு வயது 44. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. இப்போது காலையில் மூக்கனேரிக் கரைவரை போய்வரவும், ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குப் போகவும் ஒரு சைக்கிள் வேண்டும் என்கிறார். முழங்கால் லேசாக வலிக்கும். திருமண நாளன்று அவருக்குத் தெரியாமல் வாங்கி வாசலில் நிறுத்தலாம் என்றிருக்கிறேன். 21 கியர், முன்னால் ஷாக், தடித்த டயர், ஜெல் சீட் எல்லாம் உள்ள ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை 14,000 ரூபாய். வாங்கலாமா? (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: தம்பி, முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் இரண்டு நாள் பொறுங்கள். உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் சைக்கிள், புடவை மாதிரி கண்ணால் பார்த்து எடுத்துவிடக்கூடிய பொருள் இல்லை. செருப்பு மாதிரி, போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். திருமண நாளன்று ஒரு மணியை மட்டும் வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுங்கள். பித்தளை மணியாக இருக்கட்டும். அன்று சாயங்காலமே இரண்டு பேருமாகக் கடைக்குக் கிளம்புங்கள். வழக்கமாக எந்த உடுப்பில் ஓட்டப்போகிறாரோ அதே உடுப்பில் வரச்சொல்லுங்கள்.

போன ஆடி மாதம் ஒரு தம்பதி என் கடைக்கு வந்தார்கள். வேறெங்கோ வாங்கிய வண்டி. ஆறு மாதம் ஆகியும் டயரின் மேல்முடி கூடத் தேயவில்லை. "ஓட்டவே மாட்டேன் என்கிறாள்" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தம்மாவை ஏறி உட்காரச் சொன்னேன். பார் உயரமாக இருந்ததால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, சுடிதாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டார். உட்கார்ந்த பிறகு ஹேண்டிலைப் பிடிக்க முன்னால் குனிய வேண்டியிருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. அதைச் சொல்லத் தெரியாமல் "முடியவில்லை" என்று சொல்லியிருக்கிறார். பழைய லேடீஸ் ஃபிரேம் ஒன்றில் உட்காரவைத்து தெருமுனைவரை அனுப்பினேன். திரும்பி வரும்போது ஒரு கையை விட்டு மணி அடித்துக்கொண்டு வந்தார்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கால் தாண்டும் இடம். நடுவில் வளைந்து தாழ்ந்து இறங்கும் ஃபிரேமாக இருக்கட்டும். முழங்கால் வலிக்காரருக்குக் காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போடும் வேலையே கூடாது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரைப் பிடிக்காமல் நின்று, ஒரு காலை வலியில்லாமல் எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்று டேப்பில் அளந்து வாருங்கள். அந்த உயரத்துக்குக் கீழே தாழும் ஃபிரேமை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு 26 இன்ச் சக்கரம் சரியாக வரும். அதற்கு மேல் போக வேண்டாம்.

அடுத்தது ஹேண்டில். இது என் உடம்பே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். முப்பத்தைந்து வயதில் அம்மாப்பேட்டை வீட்டிலிருந்து கடைக்குத் தினமும் நேரான, தாழ்ந்த ஹேண்டில் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் இரண்டு கையிலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவும். சர்க்கரை வியாதியோ என்று ரத்தம்கூடக் கொடுத்துப் பார்த்தாயிற்று. குனிந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் இறங்கி, அந்த இரண்டு விரலுக்குப் போகும் நரம்பை அழுத்தியிருக்கிறது. பின்பக்கமாக வளைந்து வரும் பழைய மாதிரி ஹேண்டிலை மாட்டி, சீட்டைவிட நாலு விரல்கடை உயர்த்தினேன். இரண்டு வாரத்தில் மரப்பு போய்விட்டது. முதுகு நிமிர்ந்து, முழங்கை லேசாக மடங்கி, தலையைத் திருப்பினால் பின்னால் வரும் பேருந்து தெரிய வேண்டும். நம் ஊர்ச் சாலைக்கு அந்த உட்காருகைதான் சரி. அங்கே கடைக்காரர் "பழகினால் சரியாகிவிடும்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி சீட். ஜெல் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மயங்காதவர் இல்லை. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பஞ்சு மெத்தைதான். அரைமணி நேரம் ஓட்டினால் உட்காரும் எலும்பு இரண்டும் ஜெல்லுக்குள் அமிழ்ந்து, பாரமெல்லாம் நடுவிலுள்ள மென்மையான இடத்துக்கு வந்துவிடும். வலி அங்கேதான் வரும். அதை உங்களிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுவார். சீட்டின் அகலம் அந்த இரண்டு எலும்புக்கும் பொருந்த வேண்டும். பெண்களுக்கு இடுப்பெலும்பின் அமைப்பால் இந்த இடைவெளி பொதுவாகக் கொஞ்சம் கூடுதல்.

அளப்பது சுலபம். அட்டைப்பெட்டியின் நெளி அட்டையை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, மரப்படியின் மேல் வைத்து, அதில் மெல்லிய உடுப்போடு ஒரு நிமிடம் அழுத்தி உட்காரச் சொல்லுங்கள். எழுந்ததும் அட்டையைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு குழிவு தெரியும். குழிவின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் மூன்று சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்தில், கொஞ்சம் கெட்டியான, அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் உள்ள சீட் கேளுங்கள். தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார்.

சீட்டின் உயரத்துக்கும் முழங்காலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் சீட்டை அடிமட்டத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். காலை ஊன்ற வேண்டுமே என்ற பயம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லுக்கு முன்னால் வலி எடுக்கும். முதல் இரண்டு வாரம் தாழ்வாகவே இருக்கட்டும், தைரியம் வரும்வரை. அப்புறம் வாரத்துக்கு ஒரு விரல்கடை ஏற்றுங்கள். எதுவரை என்றால், குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிவரை கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். குதிகாலை எடுத்து முன்பாதத்தை வைத்ததும் முழங்கால் தானே லேசாக மடங்கும். அந்த உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டும். அதற்கும் தாழ்ந்த ஃபிரேம்தான் வசதி.

சரி, 21 கியர். முன்னால் மூன்று தட்டு, பின்னால் ஏழு பல்சக்கரம், அதுதான் கணக்கு. மூக்கனேரிக்கும் சந்தைக்கும் அத்தனை எதற்கு? கியரே இல்லாத வண்டியில் முன்தட்டு 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், 26 இன்ச் சக்கரத்துக்குப் பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது வண்டி சுமார் 5 மீட்டர் போகும். கோரிமேட்டுப் பக்கம் ஏறும்போது அந்த 5 மீட்டர்தான் முழங்காலைப் பிடிக்கும். பின்னால் 28 பல்லுக்கு மாற்றினால் அதே சுற்றுக்குச் சுமார் மூன்றேகால் மீட்டர்தான் போகும், மிதி லேசாகிவிடும். அதனால் முன்னால் ஒரே தட்டு, பின்னால் ஏழு கியர் உள்ள வண்டி அவருக்குப் போதும். ஒரே கையில் மாற்றலாம், செயினும் அடிக்கடி கழன்று விழாது. முன்னால் ஒரே தட்டாக இருந்தால் முழுச் செயின் கவரும் போடலாம். சுடிதார் பேன்ட் மாட்டிக் கிழியாது, புடவையில் மசி ஒட்டாது.

முன் ஷாக்கை விட்டுவிடுங்கள். இந்த விலை வண்டிகளில் அது வெறும் சுருள் ஸ்பிரிங்கும் கூடுதல் எடையும்தான். 1.75 இன்ச் டயரில் அளவாகக் காற்று அடித்தால் குண்டு குழியை அதுவே வாங்கிக்கொள்ளும். அளவு டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். அதில் கீழ் எல்லையை ஒட்டி அடியுங்கள். மிச்சமாகும் காசில் நல்ல சீட்டும், பின்சக்கரத்துக்குத் துப்பட்டா வலையும் போடுங்கள். துப்பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இருபது வயதில் பின்சக்கரத்தில் துப்பட்டா சுற்றி, கழுத்து இறுகி, ரோட்டில் விழுந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராததால் பிழைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்த பிறகுதான் ஸ்டாண்டை எடுக்க வேண்டும். இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சந்தைப் பை பின் கேரியருக்குப் போகட்டும். முன்கூடையில் பூ, கீரை, தண்ணீர் பாட்டில் வரை சரி. நாலு கிலோ தக்காளியை முன்னால் போட்டால் ஹேண்டில் தானாகத் திரும்பும்.

இத்தனை வருடம் கழித்து ஓட்ட முடியுமா என்று அவர் தயங்கினால், புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்லுடைக்கிறவர்கள், வயல்வேலை செய்கிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லோரும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் பார் வைத்த சைக்கிளிலேயே ஓட்டினார்கள். அப்பா அந்தச் செய்தியைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். உங்கள் வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் ஓட்டியவர். அந்த பேலன்ஸ் எங்கேயும் போயிருக்காது. காலை ஐந்தரைக்கு ஆளில்லாத தெருவில் நாலு நாள் போதும். கூடவே ஓடிக்கொண்டு "பிரேக், பிரேக்" என்று கத்தாதீர்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. ஓய்வு பெற்றுவிட்டார். ஏற்காடு ஏரியைச் சுற்றி ஓட்ட சைக்கிள் கேட்கிறார். மழைக்காலத்தில் பிரேக் பிடிக்குமா என்று எனக்குப் பயம். (வாசகி, ஏற்காடு)

பதில்: உங்கள் பயம் நியாயமானது அக்கா. வாங்கும்போது ரிம்மைக் கேளுங்கள். பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும்; காய்ந்த ரோட்டில் நிற்கும் தூரத்தைப் போலப் பல மடங்கு ஓடித்தான் நிற்கும். அலுமினிய ரிம் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். உங்கள் ஊரில் ஜூனில் தொடங்கும் மழை நவம்பர்வரை விட்டுவிட்டுப் பெய்கிறது, பனியும் இறங்குகிறது. அதனால் அலுமினிய ரிம்மும், முன்னும் பின்னும் நல்ல விளக்கும் கண்டிப்பாக வேண்டும். ஏற்காட்டில் ஏரியை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. அவருக்குக் கியர் தேவை; கன்னங்குறிச்சிக்காரருக்குச் சொன்ன ஏழு கியரோடு, முன்தட்டு 36 பல் அளவுக்குச் சிறியதாக இருந்தால் நல்லது.

ஒன்றை மட்டும் அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அடிவாரம்வரை 20 கொண்டை ஊசி வளைவு. அதில் இந்த மாதிரி சைக்கிளில் இறங்கக் கூடாது. அவ்வளவு தூரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் தொட முடியாத அளவுக்குச் சூடாகும், கட்டை தேயும், கை சோர்ந்துவிடும். சர்வீஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் வேனில் ஏற்றி அனுப்புங்கள்.

கேள்வி: புது சைக்கிளுக்கு முதல் சர்வீஸ் எப்போது? (வாசகி, கொண்டலாம்பட்டி)

பதில்: ஒரு மாதத்தில். புது ஸ்போக்கும் பிரேக் கம்பியும் ஓட்ட ஓட்டத் தளரும், அது குறையில்லை. சக்கரத்தின் கோட்டம் எடுத்து, கம்பியை இழுத்துக் கட்டி, பெடலைத் தாங்கும் கிராங்கையும் பெடலையும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே முறுக்குவதாக இருந்தால், இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலதுபக்கம் சுற்றினால் கழலும், இடதுபக்கம் சுற்றினால் இறுகும்.