மலை இல்லாத ஊரில் எதற்கு மலை?

கேள்வி: நான் முத்தையன்கட்டில் இருக்கிறேன், தரம் 10. சித்திரப் போட்டியில் கோட்ட மட்டத்தில் வென்றாலும் வலய மட்டத்தில் இரண்டு வருடமாகத் தோற்கிறேன். அங்கே வென்ற படங்கள் பெரியவர்கள் கைவைத்தவை போல இருந்தன. எங்கள் சேரும் என் படத்தில் தானே திருத்திக் கீறுகிறார். சாதாரண தரம் வருகிறது, இனிப் போட்டி வேண்டாம் என்கிறார் அம்மா. விட்டுவிடவா? போன வருடம் கீறிய ‘எனது கிராமம்’ படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்: தங்கச்சி, விடவேண்டாம்.

பெரியவர்கள் கீறிய படங்கள் பிள்ளைகளின் பெயரில் வருவது உண்மைதான். அது அந்தப் பிள்ளைக்குத்தான் பெரிய அநியாயம். உமது தாளிலும் அது நடக்க விடாதேயும். “சேர், பிழையைச் சொல்லுங்கோ, நானே திருத்துறன்” என்று பணிவாகக் கேளும். வேறு தாளில் கீறிக் காட்டினால் போதும்.

இனி உமது படம். நிறம் பூசியிருக்கும் சுத்தம் எனக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு! பிள்ளை, ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை போனாலும் ஒரு மலை கண்ணில் படுமா? நடுவராக இருந்த நாட்களில் இதே இரண்டு மலையை அடுக்கடுக்காகப் புரட்டியிருக்கிறேன். வன்னிப் பிள்ளைகள் தங்கள் ஊரைக் கீறாமல் விடுகிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் நொந்தது.

உமக்கு ஒரு குளமே இருக்கிறது. மாரியில் நிரம்பி வான் பாயும், ஆவணியில் அலைகரை வெடித்துக் கிடக்கும். பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். குளக்கட்டில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, மாதம் ஒரு படம், அதே இடத்தில் இருந்து, அதே அளவுத் தாளில் கீறும். ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும், அம்மாவும் மறுக்கமாட்டார். சாதாரண தரச் சித்திரப் பாடத்திலும் பார்த்துக் கீறும் வினா வருகிறது என்று அவரிடம் சொல்லும். ‘சுற்றாடல்’ என்றோ ‘நீர்’ என்றோ போட்டித் தலைப்பு வரும்போது உமது கை தானாக ஓடும்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லி, அவற்றைத் தொகுத்து 2011இல் நூலாக்கினார். கீறியவர்கள் ஓவியர்கள் அல்லர், வீட்டை இழந்த சனங்கள். உமது அம்மம்மாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, பழைய வளவில் கிணறு எங்கே இருந்தது, குசினி எந்தப் பக்கம் என்று கேளும். அவர் கீறுவதற்குப் பக்கத்தில் நீர் உமது படத்தைக் கீறும். அவருக்கு மனம் வராவிட்டால் வற்புறுத்தவேண்டாம். அந்தக் கதைகள் சிலருக்கு இன்னும் ஆறாத புண். சொல்ல வந்தால், பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிரும்.

போட்டிக்கு அனுப்பும்போது தாளின் அளவையும் வயதுப் பிரிவையும் சரிபாரும். படத்தைச் சுவரில் சாய்த்து, பத்தடி தள்ளி நின்று பாரும். நடுவர் முதலில் அப்படித்தான் பார்ப்பார். கொடுத்த படம் பல தடவை திரும்பி வராது, அதனால் முதலே போனில் ஒரு படம் எடுத்து வையும். பஸ்டல் என்றால் சுருட்டவேண்டாம். மேலே ஒரு எண்ணெய்த்தாளை வைத்து, இரண்டு மட்டைக்கு நடுவில் தட்டையாகக் கொடுத்துவிடும்.