விசித்திரப் பகடைகள்: கேள்வி பதில்

டி7 (ஏழு முகப் பகடை; டி-க்குப் பின்னால் வருவது முகங்களின் எண்ணிக்கை), டி14, எண்களுக்குப் பதில் குறிகள் போட்ட பகடை என்று வழக்கத்துக்கு மாறான எதைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டம் விளையாட ஆசை. ஆனால் டி3, டி5, டி7, டி14, டி16, டி24, டி30 எல்லாம் கேட்கிறதே! என்னிடம் டி4, டி6, டி8, டி10, டி12, டி20 உள்ள சாதாரண செட்தான் இருக்கிறது. வாங்கியே ஆக வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கையில் இருப்பதை வைத்தே எல்லாவற்றையும் உருட்டலாம், அதுவும் துல்லியமாக. டி3-க்கு டி6 உருட்டிப் பாதியாக்குங்கள், அரை வந்தால் மேலே ஏற்றுங்கள். டி5-க்கு டி10-ஐ அதே மாதிரி பாதியாக்கினால் போதும், அதில் 0 விழுந்தால் 10 என்று கணக்கு. டி7-க்கு டி8 உருட்டி, 8 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள்.

பெரியவற்றுக்குத் துணைப் பகடை ஒன்று வேண்டும். டி16 என்றால் ஒரு டி8, கூடவே வேறு நிறத்தில் ஒரு டி6. டி6-இல் ஒற்றைப்படை வந்தால் டி8 காட்டுவது அப்படியே, இரட்டைப்படை வந்தால் அதோடு 8 சேர்க்க வேண்டும். டி8-இல் 5, டி6-இல் 4 என்றால் விடை 13. டி24-க்கு டி8-க்குப் பதில் டி12, சேர்ப்பது 12. டி14-க்கு மேலே சொன்ன டி7 முறை, சேர்ப்பது 7. டி30-க்கு டி10-உம் டி6-உம்: டி6-இல் 1, 2 வந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம், 3, 4 வந்தால் 10, 5, 6 வந்தால் 20.

எது துணைப் பகடை என்பதை உருட்டுவதற்கு முன்பே மேசையில் சொல்லிவிடுங்கள். உருட்டிய பிறகு சொன்னால் சண்டைதான்.

கேள்வி: டி14-க்கு இரண்டு டி7 உருட்டிக் கூட்டிவிட்டால் வேலை முடிந்ததே?

முடியாது. கூட்டினால் 1 விழவே விழாது. 2 விழுவதற்கு 49-இல் ஒரு வாய்ப்பு, 8 விழுவதற்கு 49-இல் ஏழு. டி14-இல் எல்லா எண்ணுக்கும் 14-இல் ஒரு வாய்ப்பு. இரண்டும் வேறு வேறு பகடைகள்.

கேள்வி: ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று பகடையையே மாற்றச் சொல்கிறது டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ் விதி. பேசாமல் +2, -2 என்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இலக்கு 15, அதாவது 15 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, வேறு போனஸ் இல்லை என்று வையுங்கள். டி20-இல் 30 சதவீத வாய்ப்பு. டி24-க்கு ஏறினால் 24-இல் பத்து எண்கள் ஜெயிக்கும், கிட்டத்தட்ட 42 சதவீதம். டி20-ஓடு +2 போட்டால் 40. இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. இலக்கை 22 ஆக்கிப் பாருங்கள்: +2 போட்ட டி20-க்கு 5 சதவீதம்தான், டி24-க்கு 12.5. அதாவது பெரிய பகடை சாதாரண வேலையில் +2 போலவே நடந்துகொண்டு, முடியவே முடியாது என்று தோன்றும் வேலையில்தான் தன் பலத்தைக் காட்டுகிறது.

கீழே இறங்கினால் அடி இன்னும் பலம். அதே 15-க்கு டி16-இல் ஜெயிப்பது 15, 16 மட்டும்தான், 12.5 சதவீதம். -2 என்றால்கூட 20 சதவீதம் மிச்சம் இருந்திருக்கும். அதோடு, டி16 கையில் இருக்கும்போது 20 என்ற எண்ணே பகடையில் இல்லை! அந்தப் பயத்தை ஆட்டக்காரர் கையிலேயே கொடுப்பதுதான் இந்த விதியின் அழகு, அதைக் கழித்தல் கணக்காகச் சுருக்கிவிடாதீர்கள்.

கேள்வி: சொந்தமாக கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்) சாஃப்ட்வேர் எழுதுகிறேன். இந்தப் பகடைகளை எப்படிச் சேமிப்பது?

பகடையை எண்ணாகச் சேமிக்காதீர்கள். 20 என்று வைத்துக்கொண்டு ஒரு படி ஏற 2 கூட்டும் ஷீட் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், டி16-க்கு அடுத்து டி18 என்று காட்டியது. வரிசை சீரானது அல்ல: 3, 4, 5, 6, 7, 8, 10, 12, 14, 16, 20, 24, 30. இந்தப் பதின்மூன்றையும் பட்டியலாக வைத்து, கதாபாத்திரத்துக்கு அதில் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் சேமியுங்கள். படி என்பது அந்த இடத்தை ஒன்று நகர்த்துவது, அவ்வளவுதான். இரண்டு முனையிலும் அதற்கு மேல் போகாமல் தடுக்க மறக்க வேண்டாம்.

அப்புறம், ஒவ்வொரு பகடையையும் முகங்களின் பட்டியலாக வையுங்கள். டி7 என்றால் 1 முதல் 7 வரை. ஃபேட் என்ற ஆட்டத்தின் பகடை என்றால் இரண்டு -1, இரண்டு 0, இரண்டு +1. தி ஒன் ரிங் ஆட்டத்தின் டி12-இல் பத்து எண்களும், கண் ஒன்றும், கான்டால்ஃப் குறி ஒன்றும் இருக்கும். அதுவும் அதே பட்டியலில் அடங்கிவிடும். பின்னால் எந்தப் புதுப் பகடை வந்தாலும் நிரலைத் தொட வேண்டியிருக்காது.

கேள்வி: சகோ, என் ஷீட்டில் டி3 உருட்டினால் எப்போதாவது 0 வருகிறது. எங்கே தப்பு?

பாதியாக்கிய பிறகு எப்படி முழு எண்ணாக்குகிறீர்கள் என்று பாருங்கள். ஃப்ளோர் (கீழே இறக்குவது) போட்டிருந்தால் டி6-இல் 1 விழும்போது 0 வரும். பைத்தான் நிரல் மொழியின் ரவுண்ட் என்றால் இன்னும் மோசம், அது சரிபாதி எண்ணைப் பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளும்: 0.5 போய் 0 ஆகும், 1.5-உம் 2.5-உம் இரண்டுமே 2 ஆகும். ஆக ஆறு உருட்டலில் மூன்று 2, மற்ற 0, 1, 3 ஆளுக்கு ஒன்று. சீல் (மேலே ஏற்றுவது) போடுங்கள், சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு குழிகள் இருக்கின்றன. 0 முதல் 255 வரை ஒரு ரேண்டம் எண் எடுத்து 7-ஆல் வகுத்த மீதியை எடுத்தால், நான்கு முகங்களுக்கு 37 வாய்ப்பும் மற்ற மூன்றுக்கு 36-உம் கிடைக்கும். 252-உம் அதற்கு மேலும் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். இரண்டாவது, கணினியில் ஆட உதவும் ஃபவுண்ட்ரி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: டி8-ஐ வைத்து டி7 செய்யும்போது ரீரோலுக்கு (மறு உருட்டலுக்கு) ஒரே ஒரு ஆர் (r) எழுத்து போட்டால் ஒரு தடவைதான் மறுபடி உருட்டும், 64-இல் ஒரு முறை 8 அப்படியே நின்றுவிடும். இரண்டு ஆர் போட வேண்டும். ஆனால் அங்கே நேராக 1டி7 என்றே எழுதலாம், இந்தச் சுற்று வழி எதற்கு?

கேள்வி: கடையில் விற்கும் ஏழு முகப் பகடை நியாயமானதா?

எல்லா முகமும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாத வடிவம் என்றால், சமச்சீரே நியாயத்துக்கு உத்தரவாதம். அப்படிப்பட்ட குவி வடிவங்களில் முகங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். டி30 அந்த வகை. 2016-இல் தி டைஸ் லேப் என்ற நிறுவனம் வெளியிட்ட டி120-உம் அந்த வகை. ஏழு முகத்தில் அப்படி ஒன்று செய்யவே முடியாது. ஐங்கோணப் பட்டகமாக வரும் டி7-இல் இரண்டு முனைகளும் ஐந்து பக்கங்களும் வேறு வேறு வடிவம், எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தும், விழும் பரப்பு வெல்வெட்டா மரமா என்பதைப் பொறுத்தும் வாய்ப்பு மாறும். 14 முகம் செய்து ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பொறித்த டி7 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள்.

கேள்வி: கோல்ஃப் பந்து மாதிரி இருக்கும் நூறு முகப் பகடை?

பகடை வடிவமைப்பாளர் லூ சாக்கி 1985-இல் கொண்டுவந்தது. கையில் வைத்துப் பார்க்க அருமை. ஆனால் அது உருண்டு நிற்க நேரமாகும், நின்ற பிறகும் எந்த முகம் மேலே என்று குனிந்து பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு டி10 போதும், ஒன்று பத்துகளுக்கு, இன்னொன்று ஒன்றுகளுக்கு.

கேள்வி: ஃபேட் பகடை இல்லாமல் ஃபேட் ஆடலாமா?

தாராளமாக. நான்கு டி6: 1, 2 கழித்தல், 3, 4 வெறுமை, 5, 6 கூட்டல். 81-இல் 19 முறை விடை பூஜ்யம், +4 ஒரே ஒரு முறை.

கேள்வி: ஜெனிசிஸ் ஆட்டத்தின் குறி போட்ட பகடைகளுக்கும் இப்படி எண்ணை வைத்து ஓட்டலாமா?

கூட்டிப் பார்க்கும் எண்ணாக முடியாது. அங்கே ஒரே முகத்தில் வெற்றிக் குறியும் அனுகூலக் குறியும் சேர்ந்து வரும். தோற்றும் அனுகூலம் கிடைக்கலாம், ஜெயித்தும் சிக்கல் வரலாம். சாதாரண டி6, டி8, டி12 உருட்டி, எந்த எண்ணுக்கு எந்தக் குறி என்று அட்டவணை போட்டுப் படியுங்கள். முதல் நாள் மெதுவாகப் போகும்.

கேள்வி: என் டி7 ஓரவஞ்சனை செய்கிறது என்று சந்தேகம். எப்படிச் சோதிப்பது?

140 முறை உருட்டி எழுதுங்கள், எப்போதும் ஆடும் அதே பரப்பில். ஒவ்வொரு முகமும் 20 முறை வர வேண்டும். வந்ததற்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி 20-ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு 18, 23, 19, 21, 17, 24, 18 என்று வந்தால் கூட்டுத்தொகை 44, வகுத்தால் 2.2. நல்ல பகடைக்கு இந்த எண் 12.59-ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறைதான். தாண்டிவிட்டதா, உடனே தூக்கி எறியாதீர்கள், இன்னொரு 140 உருட்டுங்கள். மறுபடியும் தாண்டி, அதே முகமே அதிகம் வந்தால், அதை அலமாரியில் வைத்துவிட்டு டி8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.