காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு ஏன் இணையம் இல்லாமல் திறக்காது?

கணினி விளையாட்டைக் களவாகப் படியெடுக்காமல் இருக்க நிறுவனம் போடும் பூட்டுத்தான் நகல் பாதுகாப்பு. புது விளையாட்டு அதிகம் விற்பது முதல் வாரங்களில். அந்த விற்பனையைக் காக்கவே இது. சில பூட்டுகள் ஒவ்வொரு முறையும் இணையம் வழியாக நிறுவனத்தின் சேர்வரிடம், அதாவது அதன் மையக் கணினியிடம், அனுமதி கேட்கும். மாங்குளத்தில் சைக்கிள் வாங்கியும் சாவி கொழும்புக் கடைக்காரரிடமே இருப்பதுபோல. ஒட்டுசுட்டான் பக்கம் மழைக்கு சிக்னல் போனால், தனியாக ஆடும் விளையாட்டும் திறக்காது. பாவம், பிள்ளை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

2013இல் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டு வெளிவந்தபோது சேர்வர்கள் திணறி, வாங்கியவர்களே ஆட முடியாமல் நின்றார்கள். இணையம் இல்லாமல் ஆடும் வசதி 2014இல்தான் வந்தது. பூட்டை உடைத்த களவுப் பிரதியில் இந்த அனுமதித் தொல்லை இல்லை, அதுதான் அநியாயம்.

இந்தப் பூட்டைக் குறைசொல்பவர்கள் எல்லோரும் ஓசியில் ஆட நினைப்பவர்கள் என்பது தவறு. அதில் மாட்டுப்படுவது காசு கொடுத்தவர்கள்தான்.