பாடல் அதேதான், பதிவு எது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிட்டார் முழங்கும் ராக் பாடல்களின் தொகுப்பு ஆல்பங்களைப் பற்றியவை என்பதால், பிற பொருள்களைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்திருக்க வேண்டுகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எழுபதுகளின் கிட்டார் ராக் வெற்றிப் பாடல்கள் என்று விளம்பரம் செய்யப்பட்ட இரட்டைக் குறுந்தகட்டை வாங்கினேன். பாடல்கள் அவையேதான், பாடகர்களும் அவர்களேதான். ஆனால் குரல்கள் தளர்ந்திருக்கின்றன, டிரம்ஸ் இயந்திரம்போல் ஒலிக்கிறது, கிட்டாரில் பழைய கரகரப்பே இல்லை. என் காதில்தான் கோளாறா?

பதில்: உங்கள் காதில் எந்தக் கோளாறும் இல்லை, உங்களுக்கு விற்றவரிடம்தான் கோளாறு. ஒரு பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, அந்தப் பாட்டை ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்த ஒலிக்கு உள்ள உரிமை வேறு. புகழ்பெற்ற முதல் பதிவு பெரும்பாலும் இசை நிறுவனத்தின் சொத்தாக இருக்கும். ஒப்பந்தத்தில் சொன்ன காலம் கழிந்ததும் அந்த இசைக்குழுவோ, குழு கலைந்த பின் எஞ்சிய பாடகர் மட்டுமோ, அதே பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்து தொகுப்பாளர்களுக்கு மலிவாகக் கொடுக்க முடியும். இதில் குற்றம் ஏதும் இல்லை. டெஃப் லெப்பர்ட் குழுவினர் 2012-இல், தங்கள் நிறுவனத்தோடு இணைய விற்பனைப் பங்கு குறித்து எழுந்த பிணக்கினால், தங்களுடைய பழைய பாடல்கள் சிலவற்றை மறுபடி பதிவு செய்தார்கள். புதுப் பதிவுகள் என்று சொல்லியே விற்றார்கள். உங்கள் தொகுப்பு அப்படிச் சொல்லியிருக்காது. ‘அசல் கலைஞர்கள்’ என்று முன்னட்டையில் பெரிதாகவும், ‘மறுபதிவுகள்’ என்று பின்னட்டையின் அடியில் எறும்பெழுத்திலும் அச்சிட்டிருப்பார்கள், அல்லது இரண்டாவதை அச்சிடாமலே விட்டிருப்பார்கள்.

பின்னட்டையிலோ உள்ளேயுள்ள கையேட்டிலோ ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக, வட்டத்துக்குள் ‘பி’ (P) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் ஆண்டும் எந்த நிறுவனத்தின் அனுமதியோடு சேர்க்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தால், அது பெரும்பாலும் நேர்மையான தொகுப்பு. அந்தக் குறி ஒலிப்பதிவுக்கானது; வட்டத்துக்குள் ‘சி’ (C) என்பது அட்டைப் படத்துக்கும் அச்சுக்குமானது. எல்லாப் பாடல்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் அண்மைக் கால ஆண்டும், கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரும் மட்டும் இருந்தால் பணத்தை எடுக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. உறை பிரித்த குறுந்தகட்டை மனம் மாறித் திருப்பித் தரும் உரிமையைப் பல நாடுகளின் சட்டங்கள் தருவதில்லை என்பதால், விற்பவர் அந்த விதியைத்தான் உங்களிடம் நீட்டுவார். உங்கள் புகார் மனமாற்றம் அல்ல, விளம்பரத்தில் சொன்ன பொருளும் கையில் வந்த பொருளும் வேறு என்பதே உங்கள் புகார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். விளம்பரத்தின் படத்தையும் பின்னட்டையின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். பணம் திரும்பும் வரை தகட்டைக் கையைவிட்டு அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் ரசீது கிடைக்கும் வழியில் மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: ஒரே தகட்டில் 200 ராக் பாடல்கள் என்றதால் வாங்கினேன். என் பழைய குறுந்தகட்டுக் கருவியில் அது ஓடவே இல்லை. கணினியில் ஓடினாலும் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: சாதாரண இசைக் குறுந்தகட்டில் ஏறத்தாழ 80 நிமிடம் அடங்கும். அதை 200-ஆல் வகுத்தால் பாட்டுக்கு 24 விநாடி வரும். வாங்குமுன் இந்த வகுத்தலைச் செய்திருந்தால், உள்ளே இருப்பவை கசக்கிச் சுருக்கிய எம்.பி.3 கோப்புகள் என்பது விளங்கியிருக்கும். அந்தத் தகட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் இல்லாமல் ஊதாவாகவோ பச்சையாகவோ இருந்தால், அது ஆலையில் அச்சானது அல்ல, யாரோ கணினியில் எரித்தது. 200 பாடல்களின் உரிமைக்கும் பணம் செலுத்திய ஒருவர் அந்த விலைக்கு விற்க முடியுமா என்று நீங்கள் யோசிக்கவில்லை என்பதால், என் அனுதாபத்தில் பெரும்பங்கை வேறொருவருக்காக வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிட்டார் வாசிப்புக்காகவே தொகுக்கப்பட்டது என்று அட்டையில் எழுதியிருந்த ஆல்பத்தை வாங்கினேன். நான் காத்திருந்த நீண்ட கிட்டார் பகுதிகள் பல பாடல்களில் இல்லவே இல்லை. ஒலி தேய்ந்து பாட்டு முடிந்துவிடுகிறது. பதிவுகள் மட்டும் பழைய, உண்மையான பதிவுகள்தாம். ஏன் இப்படி?

பதில்: பல ஆண்டுகளாக நான் இதைப் பற்றிப் புலம்பி வருகிறேன், நீங்களே கேட்டுவிட்டதால் விரிவாகச் சொல்கிறேன்.

அக்காலத்து ராக் பாடல்கள் பலவற்றுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று, ஆல்பத்தில் முழு நீளத்தில் இடம்பெற்றது. மற்றது, வானொலிக்காகவும், பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் கொண்ட 7 அங்குல சிங்கிள் தட்டுக்காகவும் நறுக்கப்பட்டது. அந்தச் சிறிய தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடந்தான் வசதியாக அடங்கும். வானொலி நிலையங்களோ மூன்று நிமிடத்தையே விரும்பின. ஆகவே கத்தரிக்கோல் எடுத்தார்கள், எடுத்த கத்தரிக்கோல் பாடும் வரிகளை விட்டுவிட்டுக் கிட்டாரின் மேல்தான் பெரும்பாலும் விழுந்தது. லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் ‘ஃப்ரீ பேர்ட்’ 1973-இல் வந்த ஆல்பத்தில் 9 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் பிற்பாதி முழுவதும் கிட்டார்களின் ராஜ்யம். 1974-இன் சிங்கிள் 5 நிமிடம்கூட இல்லை. டெரெக் அண்ட் தி டாமினோஸ் குழுவில் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் சேர்ந்து வாசித்த ‘லேலா’ ஆல்பத்தில் 7 நிமிடத்தைத் தாண்டும். முதலில் வந்த சிங்கிள் 3 நிமிடத்துக்கும் குறைவு. தி ஹூ குழுவின் ‘வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’ எட்டரை நிமிடத்திலிருந்து 4 நிமிடத்துக்கும் கீழே இறங்கியது.

அன்றைக்கு வானொலிக்கு வேறு வழி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். இன்று தொகுப்பு வெளியிடுபவருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அட்டையில் 18 பாடல்கள் என்பதைவிட 22 பாடல்கள் என்பது நன்றாக விற்கும் என்ற ஒரே கணக்குக்காக அவர் சிங்கிள் உருவங்களை எடுத்து அடுக்குகிறார். கிட்டாரைப் படமாகப் போட்டு, கிட்டாரைச் சொல்லி விற்று, உள்ளே கிட்டாரை வெட்டி எறிந்த தொகுப்புகள் கடைகளில் எத்தனை கிடக்கின்றன! நாதஸ்வர வித்துவானைக் கச்சேரிக்கு அழைத்து, தவில் மட்டும் போதும் என்று சொல்வது போன்றது இது. என் அலமாரியிலும் அப்படிப்பட்ட மூன்று தகட்டுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ‘முழுமையானது’ என்ற சொல் அதன் அட்டையில் இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கிறது.

இதற்கும் வகுத்தல் கணக்கே துணை. ஒரு தகட்டில் 22 பாடல்கள் என்றால், 80 நிமிடத்தில் பாட்டுக்கு 3 நிமிடம் 38 விநாடிக்கு மேல் கிடைக்காது. பின்னட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்டிருந்தால், நீங்கள் நன்கறிந்த இரண்டு நீண்ட பாடல்களின் நேரத்தை ஆல்பத்தின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அச்சிடாமல் மறைத்திருந்தால், மறைக்க ஏதோ இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: ‘கோல்டு எடிஷன்’ தொகுப்பில் தங்கம் இருக்குமா?

பதில்: தகட்டிலேயே 24 காரட் என்று அச்சிட்டிருந்தால் மெல்லிய பூச்சாக இருக்கும், இல்லையென்றால் அது அட்டையின் நிறம்.

கேள்வி: உலகின் தலைசிறந்த 100 கிட்டார் ராக் பாடல்கள் என்ற பெட்டியில் லெட் செப்பலினும் இல்லை, ஏசி/டிசியும் இல்லை. இவர்கள் இல்லாமல் என்ன தலைசிறந்த பட்டியல்? இது மோசடி அல்லவா?

பதில்: மோசடி அல்ல, மிகை. ‘தலைசிறந்த’ என்ற சொல்லை ‘உரிமை கிடைத்தவற்றுள்’ என்று வாசித்துப் பழகுங்கள். பல கலைஞர்களின் தொகுப்பில் தங்கள் பாட்டு சேர்வதற்குச் சில குழுக்கள் எளிதில் இசைவதில்லை. ஏசி/டிசி குழுவினர் ஆல்பத்தை ஆல்பமாகவே கேட்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்து, ஆப்பிளின் இணைய இசைக் கடையான ஐடியூன்ஸுக்கே 2012-இல்தான் வந்தார்கள். லெட் செப்பலின் 2007-இலும் பீட்டில்ஸ் 2010-இலும் வந்தார்கள். பாடல் பட்டியல் பெட்டியின் பின்புறம் அச்சாகியிருந்தது என்று உங்கள் கடிதத்தின் முடிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

கேள்வி: 180 கிராம் எடையுள்ள எல்.பி. இசைத்தட்டில் 16 ராக் பாடல்கள். ஒலி மெலிந்தும் இரைச்சலோடும் இருக்கிறது. கனமான தட்டு தரமானது அல்லவா?

பதில்: தட்டு வளையாமல் இருக்க எடை உதவலாம், ஆனால் ஒலி தட்டில் வெட்டிய பள்ளத்தில் இருக்கிறது, எடையில் இல்லை. 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம் வரை ஒலி செழிப்பாக நிற்கும். நீங்கள் வாங்கியதில் பக்கத்துக்கு எட்டுப் பாடல்கள், அதாவது அரை மணி நேரம். அவ்வளவையும் அடக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால் ஒலியின் அளவையும் அடித்தள ஒலிகளையும் குறைக்க வேண்டும். ஒலி குறைந்தால் தட்டின் இரைச்சல் மேலே எழும்பி நிற்கும். அதோடு, நிமிடத்துக்கு 33⅓ என்ற சுழற்சி மாறாதபோது, நடுவை நெருங்க நெருங்கச் சுற்றளவு குறைவதால், ஒரு விநாடி இசைக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளமும் குறைகிறது. கரகரப்பான கிட்டார் ஒலி அங்கே கிழியத் தொடங்கும். சிவப்பு நிறத்தில் கண்ணாடிபோல் மின்னும் தொகுப்புத் தட்டு ஒன்று என்னிடம் உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் துணி கிழியும் ஓசையாகவே முடியும். தொகுப்பை எல்.பி.யாக வாங்க வேண்டுமென்றால், அதே பாடல்கள் இரண்டு தட்டுகளில் பரவியிருப்பதைத் தேடுங்கள்.

கேள்வி: புதிதாக ரீமாஸ்டர் செய்யப்பட்ட, அதாவது பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்த, ராக் தொகுப்பு முதலில் பிரமாதமாக இருந்தது. நான்கு பாடல்களுக்குப் பின் தலை வலிக்கிறது. ஒலியைக் குறைத்தாலும் களைப்பாகவே இருக்கிறது.

பதில்: குறுந்தகட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மெல்லிய இடங்களையும் அந்த வரம்பை ஒட்டித் தூக்கி நிறுத்தினால், கேட்டவுடன் வலுவாகத் தோன்றும். ஆனால் ஏற்ற இறக்கம் போய்விடும், டிரம்ஸின் அடி கிட்டாருக்குள் புதைந்துவிடும். வெவ்வேறு ஆண்டுகளின் பாடல்களைச் சேர்க்கும் தொகுப்பாளர்கள் எல்லாவற்றையும் சமமாக்குவதற்கு, மிக உரத்த பாட்டின் அளவுக்கு மற்றவற்றையும் ஏற்றிவிடுவது எளிதான வழி. மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் 2008-இல் வந்தபோது, ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாடல்கள் குறுந்தகட்டைவிடத் தெளிவாக ஒலித்ததை ரசிகர்களே கண்டுபிடித்துப் புகார் செய்தார்கள். பழைய வெளியீடு எங்கேனும் கிடைத்தால், இரண்டின் ஒலி அளவையும் காதுக்குச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். சமமாக வைக்காமல் ஒப்பிட்டால் உரத்தது எப்போதும் வென்றுவிடும். விற்பவர்கள் நம்புவது அதைத்தான்.

கேள்வி: இணையத்தில் விலை கொடுத்துப் பதிவிறக்கிய கிட்டார் ராக் தொகுப்பில் எந்தப் பாட்டையும் அசல் கலைஞர் பாடவில்லை. கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்னாருக்கு அஞ்சலி’ என்று இருந்தது.

பதில்: அப்படியென்றால் வேறு யாரோ பாடியது என்ற உண்மையைத்தான் அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: குறை சொல்வதோடு நிறுத்தாமல், நல்ல தொகுப்பு என்று ஒன்றையாவது சொல்லுங்களேன்.

பதில்: ‘நகெட்ஸ்’. 1972-இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட இரட்டை எல்.பி. 1965 முதல் 1968 வரை வந்து மறைந்த, பெரும்பாலும் அதிகம் அறியப்படாத குழுக்களின் 27 கிட்டார் பாடல்கள் அதில் உள்ளன. தொகுத்தவர் லென்னி கே (Lenny Kaye) என்பவர், பின்னாளில் பாடகி பேட்டி ஸ்மித்தின் (Patti Smith) குழுவில் கிட்டார் கலைஞரானவர். எந்தக் குழு, எப்போது, ஏன் இந்தப் பாட்டு என்று அவரே குறிப்புகள் எழுதினார். அவர் எடுத்தவை பெரும்பாலும் பிறப்பிலேயே குட்டையான சிங்கிள் பாடல்கள் என்பதால் கத்தரிக்கோலுக்கு அதிக வேலை இருக்கவில்லை. 1998-இல் ரைனோ நிறுவனம் அதை நான்கு குறுந்தகடுகளாக விரித்தது. இரண்டில் எதை வாங்கினாலும் குறிப்புக் கையேடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய ராக் தொகுப்புப் பெட்டி ஒன்றை இணையம் வழியாக ஒருவரிடம் வாங்கினேன். கையேடு இல்லை. கேட்டதற்கு, பாடல்கள் எல்லாம் இருக்கின்றனவே என்கிறார்.

பதில்: விற்பனை அறிவிப்பில் ‘முழுமையான பெட்டி’ என்ற சொல்லோ கையேட்டின் படமோ இருந்தால், அதைச் சேமித்து வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள், அவர் மறுத்தால் முழுப் பணத்தையும் கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால், வாங்குமுன் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது என்னிடம் கேட்கிறீர்கள்.